காட்டு முயலும் ஆழ்கடல் சுறாவும்: எங்கள் வேலூர்ப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். ஒரு நாள் ஒரு பெண், முந்தின ராத்திரி அப்பாவோடு வண்டியில் வரும்போது வெளிச்சத்துக்கு முன்னால் முயல் ஒன்று குறுக்கே பாய்ந்ததைச் சொன்னாள். அதே நாள் பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன், பச்சைக் கண்ணோடு இருக்கும் ஆழ்கடல் சுறாவின் படத்தைப் போனில் காட்டி, "இது ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க சார்" என்றான். அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற மாதிரி இல்லையா இது?

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு உயிர்களைப் பக்கத்தில் வைக்கும்போதுதான், இரண்டும் ஒரே சிக்கல்களுக்கு எப்படி வேறு வேறு விடை கண்டிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இருட்டில் எப்படிப் பார்ப்பது, எப்படிச் சாகாமல் இருப்பது, எத்தனை குட்டி போடுவது. அதிலும் கடைசிக் கேள்விக்கு இந்த இரண்டும் சொல்கிற பதில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

எந்த முயலைச் சொல்கிறீர்கள்? கடையில் கூண்டில் விற்கும் வெள்ளை முயலா?

இல்லை. இது எல்லோருக்கும் வருகிற குழப்பம். கூண்டில் விற்கும் வெள்ளை முயல் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு காட்டு இனத்திலிருந்து வந்த வளர்ப்புப் பிராணி. நம் ஊர்க் கொல்லைமேட்டில் ஓடுகிற காட்டு முயல் வேறு. அதன் அறிவியல் பெயர் லெபஸ் நிக்ரிகோலிஸ். நிக்ரிகோலிஸ் என்றால் 'கறுப்புக் கழுத்து' என்று பொருள். பிடரியில் கறுப்புத் திட்டு ஒன்று இருக்கும், வாலின் மேல்பக்கமும் கறுப்பு. 1823-இல் பிரெடெரிக் குவியே என்கிற பிரெஞ்சு விலங்கியலாளர் இந்தப் பெயரை வைத்தார்.

இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு: காட்டு முயலுக்கு 48, வளர்ப்பு முயலுக்கு 44. வளர்ப்பு முயலின் குட்டி முடியில்லாமல், கண் மூடி, வளைக்குள்ளே பிறக்கும். காட்டு முயல் குட்டி உடம்பெல்லாம் முடியோடு, கண் திறந்தபடி, வெட்டவெளியில் பிறக்கும். இதைச் சொல்லியும் "வெள்ளை முயலைக் காட்டில் விட்டால் அதுவும் காட்டு முயல்தானே சார்" என்று, நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மாதிரி வாதாடுகிறவர்கள் உண்டு. விட்டுப் பார்க்காதீர்கள், பாவம், அந்த ராத்திரியே நாய்க்கோ நரிக்கோ இரையாகிவிடும்.

சுறா எது? மீன் கடையில் வாங்கிப் புட்டு செய்கிற பால்சுறாவா?

பால்சுறா கரையோரத்துச் சிறிய சுறா. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பார்களே, அது பெரும்பாலும் அந்த வகை. நான் பேசுகிறது கல்பர் சுறா, அறிவியல் பெயர் சென்ட்ரோஃபோரஸ் கிரானுலோசஸ். ஒன்றரை மீட்டருக்கு மேலேயும் வளரும், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள். கிரானுலோசஸ் என்பது 'பொடி மணிகள் நிறைந்தது' என்கிற அர்த்தத்தில் வந்த பெயர், அதன் தோல் அப்படி. 1801-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். இதே குடும்பத்தில் நெருங்கிய உறவுக்கார இனங்கள் பல உண்டு. பார்க்க ஒன்று போலவே இருப்பதால் நிபுணர்களே பிரித்துச் சொல்லத் தடுமாறுவார்கள்.

எவ்வளவு ஆழம்? கணக்காகச் சொன்னால் மனசில் நிற்கவில்லை.

சரி, ஏலகிரிக்கு வாருங்கள். அந்த மலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர். மேலே ஏறி நின்று ஜோலார்பேட்டைப் பக்கம் எட்டிப் பாருங்கள், ரயில் தீப்பெட்டி அடுக்கின மாதிரி போகும். இப்போது நீங்கள் நிற்கிற இடம்தான் கடலின் மேல்மட்டம் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளம் முழுவதும் தண்ணீர் நிரம்பியிருப்பதாக நினையுங்கள். கல்பர் சுறா மலைச்சரிவின் பாதியிலும், சில நேரம் அடிவாரத்துக்குக் கிட்டேயும் நீந்திக்கொண்டிருக்கும்.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நூறு மடங்கு. 200 மீட்டர் தாண்டினாலே செடி பாசி வளரப் போதுமான வெளிச்சம் கிடையாது. மே மாதம் நம் ஊரில் 42 டிகிரி கொளுத்தும்போது முயல் ஒரு முள்செடி நிழலில் காதை விரித்துக்கொண்டு படுத்திருக்கும். அந்தக் காது சூட்டை வெளியே தள்ளுகிற கருவியும்தான், ரத்தக்குழாய் அவ்வளவு ஓடுகிறது அதில். அதே நிமிடம் சுறா இருக்கிற இடத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும், வருடம் பூராவும் அப்படியே. அதற்குக் கோடையும் தெரியாது, ஐப்பசி மழையும் தெரியாது.

சுறாவுக்கு எத்தனை எலும்பு?

ஒன்றுகூடக் கிடையாது. சுறா எலும்பு என்பது முயல் கொம்பு மாதிரி, சொல்லில் மட்டும் உண்டு. உடம்புக்குள்ளே இருப்பது முழுக்கக் குருத்தெலும்பு, நம் காது மடலில் இருக்கிறதே, அந்த வகை. சில இடங்களில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகியிருக்கும்.

பல் யாருக்கு அதிகம்?

சுறாவுக்குத்தான். முயலுக்கு 28 பல். மேலே முன்பல் இரண்டு தெரியும், அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் குட்டியாக இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். எலி, அணிலிலிருந்து முயலைத் தனியாகப் பிரிக்கிற அடையாளம் இதுதான். அந்தப் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லும் மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடியும் கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் வாய் மூடும். சுறா வேறு வழி பிடித்தது: வரிசை வரிசையாகப் பல், முன்வரிசை விழ விழப் பின்வரிசை முன்னால் வரும். கல்பர் சுறாவுக்குக் கீழ்ப்பல் மேல்பல்லைவிடப் பெரிசு, கத்தி போலச் சாய்ந்திருக்கும்.

இன்னொன்று. சுறாவின் தோலை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அந்த மணிகள் ஒவ்வொன்றும் அமைப்பில் பல்லேதான், மேலே எனாமல் போன்ற பூச்சு, உள்ளே தந்தினி என்கிற பல்லின் கெட்டிப் பொருள். உடம்பு முழுக்கப் பல் முளைத்த பிராணி என்று சொன்னால் தப்பில்லை. அந்தக் காலத்தில் தச்சர்கள் மரம் இழைக்கச் சுறாத்தோலைப் பயன்படுத்தியது சும்மா இல்லை.

ராத்திரியில் யாருக்குக் கண் நன்றாகத் தெரியும்?

முயலின் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் பிதுங்கி இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும், பின்னால் வருகிற நரியைத் திரும்பாமலே பார்த்துவிடும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே உள்ளதைத் துல்லியமாகக் கணிப்பதில் கொஞ்சம் பலவீனம். வண்டி வெளிச்சத்தில் அது நேராக ஓடாமல் இங்கும் அங்கும் தாவித் தடுமாறுகிறதே, கூசிப்போன கண்ணோடு, துரத்துகிறவனை ஏமாற்ற வளைந்து வளைந்து ஓடுகிற பழைய பழக்கம் அது. நரியிடம் பலிக்கும், மோட்டார் சைக்கிளிடம் பலிக்காது. கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற பாதையில் ராத்திரி போனால் வேகத்தைக் குறையுங்கள், கண்ணில் பட்டால் விளக்கைத் தாழ்த்துங்கள்.

கல்பர் சுறாவின் கண் பெரிசு, பச்சையாக ஒளிரும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம், உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இரண்டாம் தடவை பார்க்க வைக்கும். அதோடு மூக்கைச் சுற்றித் துளைத்துளையாக இருக்கிற உறுப்பால், பக்கத்தில் நீந்தும் இரையின் தசை அசைவில் பிறக்கும் மின்சாரத்தையே உணரும். இது முயலுக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது.

காது இல்லாத சுறாவுக்குச் சத்தம் கேட்குமா?

கேட்கும். காது தலைக்குள்ளே இருக்கிறது, வெளியே தலைமேல் இரண்டு பொடித் துளை மட்டும் தெரியும். தண்ணீரில் மடல் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சண்டை வந்தால் யார் ஜெயிப்பது?

ஆறாம் வகுப்புத் தம்பிகள் தவறாமல் கேட்பது. சண்டையே வராது. முயல் கடலுக்குள் மூச்சுவிட முடியாது, சுறா மேலே வந்தால் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு அங்குலம் நகராது. முயல் யாரோடும் சண்டைக்குப் போகிற ஜாதி இல்லை, அதன் பலம் ஓட்டம். சுறாவும் மனிதனைப் பார்த்ததில்லை, கடித்ததும் இல்லை. மீன், கணவாய் இவற்றைத் தின்றுவிட்டு இருட்டில் தன் பாட்டுக்கு இருக்கிறது.

குட்டி போடுவதில் என்ன வித்தியாசம்?

இங்கேதான் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

காட்டு முயலுக்குச் சினைக்காலம் ஆறு வாரம், 41 முதல் 47 நாள். ஒரு ஈற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு குட்டி. வருடத்தில் எந்த மாதமும் ஈனும், மழை பெய்து புல் தழைக்கும்போது அதிகம். குட்டியும் வருடம் திரும்புவதற்குள் தானே தாயாகக்கூடும். நரி, கீரி, காட்டுப்பூனை, கழுகு, மலைப்பாம்பு என்று எல்லோரும் தின்கிறார்கள், அப்படியும் முயல் அழிந்துவிடாமல் இருப்பது இந்த வேகத்தால்.

கல்பர் சுறாவுக்குச் சினைக்காலம் சுமார் இரண்டு வருடம். இரண்டு வருடம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, மஞ்சள் கருவைத் தின்று வளர்ந்து, ஒரு அடிக்கு மேல் நீளத்தில் உயிரோடு வெளியே வரும். அந்தக் குட்டி பெரிசாகித் தான் ஒரு குட்டி போடப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். என் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்றைக்குப் பிறந்த பெண்சுறா, நீ பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போதுதான் வயசுக்கு வரும், இல்லை அப்போதும் வந்திருக்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். சுறா ஒரு சினையைச் சுமக்கிற இரண்டு வருடத்தில், ஆறு வாரம் வீதம் முயலுக்குப் பதினேழு ஈற்றுக்கு நேரம் இருக்கிறது. நிஜத்தில் அத்தனை போடாது. ஏறக்குறைய பாதி, எட்டு ஈற்று, ஒவ்வொன்றிலும் இரண்டே குட்டி என்று வைத்தாலும் பதினாறு குட்டி. எதிர்ப்பக்கம் ஒன்று. இது சுறாவின் குறை கிடையாது. ஆழ்கடலில் சாப்பாடு அரிது, அதைத் தின்ன வருகிறவர்களும் குறைவு; மெதுவாக வளர்ந்து, நெடுநாள் வாழ்ந்து, ஒரு குட்டியைப் பெரிசாகப் பெற்று அனுப்புவது அந்த இடத்துக்குச் சரியான வழி. தூண்டில் அங்கே இறங்குகிற வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அவ்வளவு ஆழத்தில் இருப்பதை யார் பிடிக்கிறார்கள், எதற்காக?

ஈரலுக்காக. மற்ற மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு மிதக்கக் காற்றுப்பை உண்டு, சுறாவுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக ஈரலில் எண்ணெயைச் சேர்த்து வைத்து உடம்பை லேசாக்கிக்கொள்கிறது. ஆழ்கடல் சுறாக்களில் ஈரலே உடல் எடையில் கால் பங்கு வரை போகும். அந்த எண்ணெயில் ஸ்குவாலீன் என்று ஒரு பொருள், ஜப்பானில் மிட்சுமாரு சுஜிமோட்டோ என்கிற வேதியியலாளர் சுறா எண்ணெயிலிருந்து பிரித்து 1916-இல் பெயர் வைத்தது. முகத்துக்குப் போடும் கிரீம், லிப்ஸ்டிக், சில தடுப்பூசிகள் இவற்றில் சேர்க்கிறார்கள். தடுப்பூசியில் சேர்ப்பது மிகக் கொஞ்சம், அதைக் காட்டி யாரும் ஊசி போடாமல் இருக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். மாலத்தீவில் 1980 வாக்கில் ஈரல் எண்ணெய்க்காகக் கல்பர் சுறா பிடிக்க ஆரம்பித்தார்கள், எண்ணெய் ஜப்பானுக்குப் போனது. சில வருடங்களிலேயே உச்சத்தைத் தொட்டு, அப்புறம் சரிந்து, பிடிக்க ஆளில்லாமல் போகவில்லை, பிடிக்கச் சுறா இல்லாமல் போனது. 2010-இல் அந்த நாடு சுறா பிடிப்பதையே முழுசாகத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு வெளியே 1976-77-இல் வலை போட்டுப் பார்த்த அதே இடங்களில் இருபது வருடம் கழித்து மறுபடி போட்டார்கள். இதே குடும்பத்துச் சுறாக்கள் 98 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. நூறு இருந்த இடத்தில் இரண்டுகூட இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்தியாவில் இதைப் பிடிக்கிறவர்களில் நம் தமிழ் மீனவர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள், கொச்சியைத் தளமாக வைத்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், சுறா பிடிப்பதில் அவர்களுக்கு இணை கிடையாது. வாரக்கணக்கில் கடலில் கிடந்து உயிரைப் பணயம் வைக்கிற அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. எண்ணெய்க்கு விலை வைக்கிறவர்கள் இருக்கும்வரை யாராவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் இதே சரக்கை எடுக்க முடிகிறது இப்போது. எடுக்கவும் செய்கிறார்கள். வாங்கும்போது செடியிலிருந்து எடுத்ததா என்று டப்பாவில் பாருங்கள்.

முயல் ரத்த எண்ணெய் தடவினால் முடி வளருமா சார்?

இதைக் கேட்காத ஊர் இல்லை, முக்கியமாக அக்காமார்கள். வளராது. முடி வேரிலிருந்து வளர்கிறது, வேருக்குச் சத்து உங்கள் சொந்த ரத்தத்தில் வருகிறது. மேலே தடவுகிற முயல் ரத்தம் அங்கே போய்ச் சேராது. அப்படியே கொஞ்சம் மினுமினுப்பு வந்தால், அது கூடச் சேர்த்த தேங்காய் எண்ணெயின் வேலை.

பாருங்கள், எங்கேயோ ஏலகிரி உயரத்து ஆழத்தில் இருக்கிற சுறாவையும் நம் கொல்லைமேட்டு முயலையும் ஒரே ஆசை தேடி வருகிறது, ஒன்று முகத்துக்கு, ஒன்று தலைக்கு. இரண்டையும் எண்ணெயாக்கிப் பாட்டிலில் அடைக்கத்தான் பார்க்கிறோம்.

முயல்தான் வேகமாகப் பெருகுகிறதே, அப்போது வேட்டையாடினால் என்ன?

முதல் விஷயம், சட்டப்படி குற்றம். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயலும் வருகிறது. கண்ணி வைத்தாலும், நாய் விட்டுப் பிடித்தாலும், கறியாக வாங்கினாலும் வழக்குத்தான். பொங்கல் சமயத்தில் வயசுப் பையன்கள் டார்ச்சும் நாயுமாகக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன், மாட்டிக்கொண்டால் அவர்கள் வேலைக்குப் போகிற வாழ்க்கையே கெடும்.

இரண்டாவது, வேகமாகப் பெருக இடம் வேண்டும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் நான் சின்னப் பையனாக இருந்தபோது மானாவாரிக் கொல்லைகளின் நடுவே கரம்பும் முள்ளுக்காடும் நிறைய இருந்தது. முயல் பகலெல்லாம் புல்லை அமுக்கிச் சின்னக் குழியாக்கி அதில் படுத்திருக்கும், பக்கத்தில் போய்க் காலை வைக்கிற வரைக்கும் அசையாது. இப்போது அந்தக் கரம்பில் பாதிக்கு மேல் கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள், மீதியில் தெருநாய்க் கூட்டம். ஒரு சுறாவைப் போல ஒரேயடியாக இல்லாமல் போகாது முயல். ஆனால் ஒவ்வொரு ஊராகக் குறையும், நாமும் ஒரு நாள் கவனித்து, "முன்னே எல்லாம் இங்கே முயல் இருக்கும்" என்போம்.

மல்லாட்டைக் கொல்லையில் முயல் குட்டி தனியாகக் கிடந்தது, எடுத்து வந்துவிட்டோம். என்ன கொடுப்பது?

திரும்பக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வையுங்கள், இன்றைக்கே. அது அனாதை இல்லை. காட்டு முயல் தாய் வேண்டுமென்றே குட்டியை விட்டுத் தள்ளி இருக்கும், கூடவே இருந்தால் தன் வாசனையே நரியை அழைத்து வந்துவிடும் என்பதால். பொழுது சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவைதான், அந்தப் பால் அவ்வளவு கெட்டி.

என் மாணவன் ஒருத்தன் நல்ல மனசோடு ஒரு குட்டியை எடுத்துவந்து மாட்டுப்பால் கொடுத்தான். வயிறு உப்பி இரண்டாம் நாள் செத்துப்போனது. அவன் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதோடு சேர்த்துக் குட்டியைத் தூக்கி, அதே சாலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வீட்டு நாயை விடியும்வரை கட்டிப்போடுங்கள். அடிபட்டிருந்தாலோ ரத்தம் வந்தாலோ மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குட்டி பெரும்பாலும் அங்கே இருக்காது, வேறு சாலுக்குப் போயிருக்கும்.